தையல் போட்ட உடம்பும் குளியலும்

ஆபரேஷன் ஆன வீட்டில் ஒரு சண்டை வரும். குளிக்கலாமா, கூடாதா என்ற சண்டை.

மருமகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. உடம்பெல்லாம் வேர்வை. பால் வாடை. கசகசவென்று இருக்கிறது.

"அத்தை, கொஞ்சம் வெந்நீர் வையுங்களேன். குளித்துவிடுகிறேன்."

"ஐயையோ! தண்ணீரே படக் கூடாது. தையல் பிரிந்துவிடும். சீழ் பிடிக்கும். நாற்பது நாள் போகட்டும் கண்ணு."

பக்கத்து வீட்டு அம்மா வேறு மாதிரி சொல்கிறார்.

"அது என்ன பேச்சு அக்கா? பிள்ளை பெற்ற உடம்பு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காய்ச்சி வயிற்றில் அடித்து ஊற்ற வேண்டும். அப்போதுதான் வயிறு சுருங்கும்."

இரண்டு பேருமே நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நாற்பது நாள் குளிக்காத உடம்பில் அழுக்கும் கிருமியும் சேரும். அவை தையல் வாய்க்கே வரும். கொதிக்கும் நீரை அடித்து ஊற்றினால் பச்சைத் தோல் வெந்து போகும். தையலும் விடும்.

இது ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. 2019 முதல் 2021 வரை நம் நாடு முழுவதும் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. அந்த ஆய்வில் 100 பிரசவங்களில் 21-க்கு மேல் ஆபரேஷன் மூலம் நடந்தவை. இது தவிர குடல்வால், குடலிறக்கம், கருத்தடை, எலும்பு முறிவு என்று எத்தனையோ ஆபரேஷன்கள். எல்லா ஊரிலும், எல்லாத் தெருவிலும் தையல் போட்ட உடம்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

தோல் ஒரு வேலி

நம் உடம்புக்குத் தோல்தான் வேலி. வெளியே இருக்கும் கிருமியை அது உள்ளே விடாது. ஆபரேஷனில் டாக்டர் அந்த வேலியை வெட்டித் திறக்கிறார். வேலை முடிந்ததும் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்கிறார்.

தைத்த உடனே வேலி அடைபட்டு விடுமா? விடாது. முதலில் இரத்தம் உறைந்து இடைவெளியை மூடுகிறது. பிறகு இரண்டு ஓரத்திலிருந்தும் மெல்லிய தோல் வளர்ந்து ஒன்றையொன்று தொடுகிறது. இதற்குச் சுமார் இரண்டு நாள் ஆகும். அதாவது 48 மணி நேரம். அதற்குப் பிறகு மேலே ஓடுகிற தண்ணீர் உள்ளே இறங்காது.

ஆனால் அந்தத் தோல் வெங்காயச் சருகு போல மெல்லியது. புதிதாகப் பூசிய சுவர் மாதிரி. பார்த்தால் காய்ந்தது போல இருக்கும். அழுத்தினால் பெயர்ந்து வரும். மூன்று வாரம் ஆன பிறகும் அந்த இடத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் 100-க்கு 80 பங்கு வரும். முழுப் பலம் வருவதே இல்லை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. தண்ணீர் எதிரி அல்ல. ஊறவைப்பதுதான் எதிரி. துணி துவைத்து முடித்த கையைப் பாருங்கள். விரல் நுனி வெளுத்துச் சுருங்கி மெத்தென்று இருக்கும். லேசாக உரசினாலும் தோல் உரியும். நீரில் ஊறிய காயமும் அப்படித்தான். இளகிப் போகும். இளகிய இடத்தில் கிருமி சுலபமாக நுழையும்.

எப்போது குளிக்கலாம்?

நேராகத் தைத்த சாதாரணக் காயம் என்றால் இரண்டு நாள் கழித்துக் குளிக்கலாம். தையல் பிரிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வயிற்றுத் தையலை ஒரு வாரம், பத்து நாளில் பிரிப்பார்கள். கை கால் தையலுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். சில தையல் தானே கரைந்துவிடும். அது வரை குளிக்காமல் இருந்தால் உடம்பு என்ன ஆவது?

முதல் இரண்டு நாள் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக் கொள்ளுங்கள். முகம், கழுத்து, அக்குள், கால் இடுக்கு எல்லாம் துடைக்கலாம். கட்டு மட்டும் நனையக் கூடாது.

சில ஆபரேஷனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வயிற்றில் குழாய் வைத்து அனுப்பியிருந்தால், காயத்தைத் தைக்காமல் திறந்து விட்டிருந்தால், மாவுக்கட்டு போட்டிருந்தால், டாக்டரைக் கேட்காமல் குளிக்கக் கூடாது. கண்புரை ஆபரேஷன் செய்தவர் கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். ஆனால் டாக்டர் சொல்லும் வரை தலைக்கு ஊற்றக் கூடாது. கண்ணில் சோப்பு நீர் படக் கூடாது. மூல நோய் ஆபரேஷன் ஆனவருக்கோ எல்லாம் தலைகீழ். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய தொட்டியில் உட்காரச் சொல்லி டாக்டரே அனுப்புவார்! அந்த இடத்துக்கு அதுதான் மருந்து.

எப்படிக் குளிப்பது?

ஒரு வாளி சுத்தமான தண்ணீர் போதும். குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் எதுவானாலும் சரி. தண்ணீரில் சந்தேகம் இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக் கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. சூடு வேண்டாம்.

நின்று கொண்டு குளிக்காதீர்கள். ஆபரேஷன் ஆன உடம்பில் இரத்தம் குறைந்திருக்கும். வெந்நீர் பட்டால் தலை சுற்றும். ஈரத் தரையில் விழுந்தால் தையல் மட்டுமா போகும்? இடுப்பும் போகும். முக்காலியோ பிளாஸ்டிக் ஸ்டூலோ போட்டு உட்காருங்கள். கதவைச் சாத்திக் கொள்ளுங்கள், தாழ்ப்பாள் போடாதீர்கள். வீட்டில் ஒருவர் வெளியே நிற்கட்டும்.

குளிர் அதிகமான வட மாநிலங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. சின்னக் குளியலறைக்குள் கேஸ் கீசர் ஓடும். ஜன்னலும் கதவும் மூடியிருந்தால் அதிலிருந்து வரும் விஷக் காற்று ஆளைச் சாய்த்துவிடும். அதற்கு வாசனையே கிடையாது. கேஸ் கீசர் இருந்தால் வெந்நீரை வாளியில் பிடித்துக் கொண்டு, கீசரை நிறுத்திவிட்டுப் பிறகு குளியுங்கள்.

சொம்பில் மொண்டு தோளில் ஊற்றுங்கள். நீர் தானாக வழிந்து காயத்தின் மேல் ஓடட்டும். காயத்தின் மேலேயே ஓங்கி ஊற்றக் கூடாது. சோப்பை மற்ற இடங்களில் தேயுங்கள். சோப்பு நுரை காயத்தின் மேல் வழிந்தால் பயம் இல்லை. நல்ல நீர் விட்டு அலசிவிடுங்கள். நார், பீர்க்கங்கூடு, தேய்க்கும் கல் எதையும் காயத்தின் பக்கம் கொண்டு போகாதீர்கள். பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் குளியல் முடிய வேண்டும்.

பிறகு துடைப்பது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் ஐந்து பேர் துடைக்கும் துண்டை எடுத்து அரக்கித் துடைக்கிறார்கள். அது வேண்டாம். பழைய மெல்லிய வேட்டித் துணியோ பருத்திச் சேலைத் துணியோ போதும். சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப் போட்டதாக இருக்க வேண்டும். காயத்தின் மேல் வைத்து ஒற்றி எடுங்கள். மடிப்பு விழும் வயிறு என்றால் மடிப்பைத் தூக்கி அடியிலும் ஒற்றுங்கள். ஈரம் தங்கினால் அங்கேதான் புண் வரும்.

பஞ்சு வைத்துத் துணியால் கட்டிய கட்டு நனைந்துவிட்டதா? அதை அப்படியே விடாதீர்கள். ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போகும். அன்றைக்கே சுகாதார நிலையத்தில் மாற்றிக் கொள்ளுங்கள். சில ஆஸ்பத்திரிகளில் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுவார்கள். அது ஓரம் தூக்காமல் இருக்கும் வரை அதோடு குளிக்கலாம்.

பெண்களுக்கு ஒரு சங்கதி. ஆபரேஷன் பிரசவத்தில் தையல் அடிவயிற்றில் குறுக்காக இருக்கும். பாவாடை நாடா சரியாக அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். நாடாவைத் தையலுக்கு மேலே ஏற்றித் தளர்த்திக் கட்டுங்கள். தளர்ந்த நைட்டி இன்னும் நல்லது.

குளியலறை இல்லாத வீட்டில்

இது வரை சொன்னது குளியலறை உள்ள வீட்டுக்கு. தெருக்குழாயில், ஆற்றங்கரையில், தட்டி மறைவில் குளிக்கிற பெண்கள் என்ன செய்வார்கள்? மார்புக்கு மேல் பாவாடையைக் கட்டிக் கொண்டு குளிப்பார்கள். அந்த ஈரப் பாவாடையோடு வீடு வந்து, வரிசை பார்த்து, மறைவு பார்த்து மாற்றுவதற்கு அரை மணி நேரம் ஆகிவிடும். அந்த அரை மணியும் ஈரத் துணி தையலில் ஒட்டிக் கொண்டிருக்கும். குளித்த நேரத்தை விட ஊறிய நேரம் அதிகம்.

இதில் பெண்ணின் தப்பு ஒன்றும் இல்லை. மறைவான இடம் இல்லாததுதான் தப்பு. ஆனாலும் தையல் ஆறும் வரை ஒரு வழி செய்யலாம். இரவில் எல்லோரும் அடங்கிய பிறகு, சமையல் அறை மூலையிலோ, சேலையை மறைப்பாகக் கட்டிய திண்ணையிலோ உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் குளித்து, அங்கேயே துணி மாற்றிக் கொள்ளலாம். வாளித் தண்ணீரைத் தூக்கி வர வேண்டியது கணவர். ஆபரேஷன் ஆன பெண் குடமோ வாளியோ தூக்கக் கூடாது. அதற்கு ஆறு வாரம் ஆகட்டும்.

குளம், ஆறு, கடல் எதிலும் இறங்கக் கூடாது. மாடு குளிக்கிற குளத்தில் என்னென்ன கலந்திருக்கும் என்பது நமக்கே தெரியும். மழைக் காலத்தில் எலிக்காய்ச்சல் என்று ஒரு நோய் வருகிறது. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள காயம் வழியாக அந்தக் கிருமி நுழைகிறது. கேரளத்திலும் மும்பையிலும் வெள்ளம் வடிந்த பிறகு இதனால் பலர் இறந்திருக்கிறார்கள். "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கங்கையில் முழுக்குப் போடுகிறேன்" என்று வேண்டிக் கொள்பவர்கள் உண்டு. வேண்டுதலை நிறைவேற்றலாம். தையல் பிரித்து, பொருக்கெல்லாம் உதிர்ந்து, டாக்டர் சரி என்ற பிறகு போகலாம். கங்கை எங்கேயும் போய்விடாது.

அதே போல, பிள்ளை பெற்ற தாய்க்கு எண்ணெய் தேய்த்து அண்டா நிறைய வெந்நீர் ஊற்றும் வழக்கம் கர்நாடகத்தில் உண்டு, தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. தாயைக் கவனிக்க ஒருவர் உட்கார்ந்து குளிப்பாட்டுகிறாரே, அது அருமையான வழக்கம். அதை விட வேண்டாம். முதுகுக்கும் காலுக்கும் எண்ணெய் தேய்க்கட்டும். வயிற்றை விட்டுவிடட்டும். தண்ணீரின் சூட்டையும் குறைக்கட்டும்.

குளித்த பிறகு காயத்தில் என்ன போடுவது? டாக்டர் மருந்து கொடுத்திருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். மஞ்சள் தூள், சாம்பல், சுண்ணாம்பு, சாணம் எதுவும் கூடாது. டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கிருமியோடு புதுத் தோலையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

தோல் ஒட்டிய இடம்

தீக்காயம் பட்டவர்களின் கதை வேறு. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேருக்குத் தீக்காயம் படுகிறது என்பது அரசின் மதிப்பீடு. காயம் ஆழமாக இருந்தால் தோல் தானாக வளராது. அப்போது தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி எடுத்துக் காயத்தில் ஒட்டுவார்கள்.

ஒட்டிய தோலை நாற்று என்று வைத்துக் கொள்ளுங்கள். நட்ட நாற்று முதலில் சும்மா நிற்கிறது. சில நாளில் வேர் பிடிக்கிறது. அதற்கு முன்னால் வேகமாகத் தண்ணீர் பாய்ச்சினால் என்ன ஆகும்? மிதந்து போய்விடும். ஒட்டிய தோலும் அப்படித்தான். முதல் இரண்டு நாள் அது கீழே உள்ள சதையின் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது. பிறகு மெல்ல மெல்லச் சின்ன இரத்தக் குழாய்கள் அதற்குள் புகுகின்றன. நன்றாகப் பிடிக்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதற்குள் லேசாக நகர்ந்தாலும் அந்த இரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். தோல் கறுத்துச் செத்துப் போகும்.

ஆகவே இங்கே இரண்டு நாள் கணக்கு செல்லாது. டாக்டர் கட்டைத் திறந்து, தோல் பிடித்திருக்கிறது என்று சொல்லும் வரை அந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் படக் கூடாது. காலிலோ கையிலோ ஒட்டியிருந்தால் அதைத் தூக்கி வைத்துக் கொண்டு மற்ற இடங்களைத் துடைத்துக் கொள்ளுங்கள். தீப்பட்ட உடனே குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது சரிதான். அது தீப்பட்ட அந்த நேரத்துக்கு. தோல் ஒட்டிய பிறகு அல்ல.

தோல் எடுத்த தொடையை மறந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு காயம். ஒட்டிய இடத்தை விட அங்கேதான் எரிச்சல் அதிகம். அது ஆறப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். அங்கே போட்ட கட்டு உலர்ந்து ஒட்டிக் கொள்ளும். அடியில் தோல் வளர்ந்ததும் தானே உதிரும். குளிக்கும்போது நனைத்துப் பிய்த்தால் புதுத் தோலும் கூடவே வரும். ஒட்டாத கட்டு வேண்டும் என்று மும்பை மருத்துவர்கள் வாழை இலையையே கிருமி நீக்கி அந்த இடத்தில் கட்டிப் பார்த்து 2003-இல் எழுதியிருக்கிறார்கள். அதற்காகக் கொல்லையில் போய் இலை அறுத்துக் கட்டிவிடக் கூடாது. கிருமி நீக்குவது ஆஸ்பத்திரி வேலை.

உடம்பில் எடுக்கத் தோல் போதாவிட்டால் வேறு போர்வை போடுவார்கள். மாட்டுத் தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற பொருளால் செய்த மெல்லிய தாள் ஒன்று. இறந்தவர்கள் தானம் செய்த தோல் இன்னொன்று. மும்பை சயான் மருத்துவமனையில் 2000-இல் தோல் வங்கி தொடங்கினார்கள். பிறகு மற்ற ஊர்களிலும் வந்திருக்கின்றன. தானம் கிடைத்த தோல் இரண்டு மூன்று வாரம் காயத்தைக் காக்கும். பிறகு உடம்பு அதைத் தள்ளிவிடும். அதற்குள் காயம் ஒரு நிலைக்கு வந்துவிடும். இந்தப் போர்வைகள் எல்லாம் நனைந்தால் வழுக்கும், ஓரம் தூக்கும். அடியில் நீர் கட்டும். உலர்ந்து நிற்பதுதான் இவற்றுக்குப் பலம்.

ஒட்டிய தோல் பிடித்த பிறகு குளிக்கலாம். ஆனால் அந்தத் தோலுக்குச் சூடு தெரியாது. உணர்ச்சி நரம்பு வளர மாதக் கணக்கில் ஆகும். கொதிக்கும் நீரை ஊற்றினாலும் வலிக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் நல்ல கையை, அல்லது முழங்கையை வாளியில் விட்டுச் சூட்டைப் பார்த்துவிட்டுக் குளியுங்கள். அந்தத் தோலில் எண்ணெய்ப் பசையும் இருக்காது. குளித்துத் துடைத்ததும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். இல்லாவிட்டால் வெடிக்கும், அரிக்கும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது?

குளிக்கும் நேரம்தான் காயத்தைப் பார்க்கும் நேரம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறைய வேண்டும். கூடினால் சரியில்லை. சிவப்பு பரவுவது, வீங்கிச் சுடுவது, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், தையல் வாய் திறப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். ஒட்டிய தோல் கறுத்தாலும் நகர்ந்தாலும் அப்படியே. சர்க்கரை நோய் உள்ளவர் வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. சீழ் பிடித்தாலும் அவருக்கு வலி தெரியாமல் போகலாம். ஆபரேஷன் ஆகி 30 நாள் வரைகூடச் சீழ் பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஆபரேஷன் பிரசவம் ஆன தாயின் வீட்டுக்கு ஆஷா ஊழியர் 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வர வேண்டும். வந்தால் குழந்தையை மட்டும் காட்டாதீர்கள். தையலையும் காட்டுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு தருவார்கள். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். வெளி மாநிலமானால் நர்சம்மா பேசுவதும் நமக்குப் புரியாமல் போகலாம். தயங்காமல் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள். சீட்டின் பின்பக்கத்தில் நீங்களே உங்கள் கையால் தமிழில் எழுதிக் கொள்ளுங்கள். எந்தத் தேதியிலிருந்து குளிக்கலாம்? கட்டு நனையலாமா? தையல் பிரிக்க எந்தத் தேதியில் வர வேண்டும்? அவசரம் என்றால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது? எழுதிய பிறகு ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக் கொள்ளுங்கள்.